தேனும் ஒரு தாலாட்டும்

நைல் நதியின் மேற்குக் கரையில் ஒரு சிறு நகரம். அங்கே ஹாத்தோர் தேவிக்கு ஒரு கோயில் இருந்தது. இசையும் மகிழ்ச்சியும் அவளுடையவை. கோபம் வந்தால் அவளே பெண்சிங்கமாகிவிடுவாள் என்று மக்கள் பயந்தார்கள். அதனால் தினமும் விடிந்ததும் யாழ் மீட்டி, வெண்கலக் கிலுகிலுப்பையை ஆட்டி, பாட்டுப் பாடி அவளைக் குளிர்விக்க வேண்டும்.

அந்த வேலையைப் பதினெட்டு வருஷமாகச் செய்துவந்தவன் ரூயு. கோயிலின் தலைமைப் பாடகன். ஒரு பாட்டை ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே பிடித்துக்கொள்வான்.

அவனுக்கும் அவன் மனைவி மேரெத்துக்கும் ஒரே குழந்தை, நுபி. நான்கு வயதில், அறுவடை முடிந்த வெயில் காலத்தில், காய்ச்சல் கண்டு ஐந்தாம் நாள் அவள் இறந்துபோனாள்.

அந்த ஐந்து நாளும் மேரெத் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒரே தாலாட்டைப் பாடினாள். அது அவளே கட்டிய பாட்டு.

ஆற்றுக்குப் போன சின்ன வாத்தே,
அந்தி சாயுமுன் வந்துவிடு.
பாயும் விரித்தேன், பாலும் வைத்தேன்,
பால் ஆறிப் போகிறதே.

ரூயு அறைக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு மாதம் கழித்து தேவியின் படகுத் திருவிழா வந்தது. நகரத் தலைவர், குருக்கள், படகோட்டிகள், வயல்காரர்கள் எல்லாரும் கரையில் கூடியிருந்தார்கள். ரூயு யாழை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தாலாட்டைப் பாடினான். கடைசி அடியில் குரலை மெல்ல இழுத்து, இழுத்து, காற்றோடு கரையவிட்டான்.

கரை முழுவதும் அழுதது. நகரத் தலைவர் தன் கழுத்தில் கிடந்த பொன்மாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார்.

மாலையோடு அவன் வீட்டுக்கு வந்தான். மேரெத் வாசலில் நின்றிருந்தாள். திருவிழாவுக்கு அவள் போகவில்லை. ஆனால் ஆற்றங்கரையிலிருந்து காற்று வீட்டுப் பக்கம்தான் வீசியது.

"அந்தக் கடைசி அடியை ஏன் அப்படி இழுத்தீர்கள்?" என்று கேட்டாள்.

"அங்கேதான் ஜனங்கள் அழுதார்கள்" என்றான் ரூயு.

அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை.

ரொட்டி சுட்டாள். துணி துவைத்தாள். அவனுக்கு முன்னால் உணவை வைத்தாள். முன்பெல்லாம் கோதுமை அரைக்கும்போது கல்லின் ஓசைக்கு ஏற்ப ஏதாவது முனகிக்கொண்டிருப்பாள். இப்போது கல் மட்டும் சத்தம் போட்டது.

பாட்டோ ஊர் ஊராகப் போனது. மீன் பிடிக்கிறவர்கள் வலை இழுக்கும்போது பாடினார்கள். பக்கத்து ஊர்ப் பெரிய வீடுகளிலிருந்து ஆள் வந்தது: "எங்கள் விருந்துக்கு ரூயு வரவேண்டும். அந்த வாத்துப் பாட்டைப் பாடவேண்டும்."

அவன் போனான். பாடினான். மூன்றாவது விருந்தில் கடைசி அடிக்கு வந்தபோது குரல் உடைந்தது. நான்காவதிலும் அதே இடத்தில் உடைந்தது. மற்ற எந்தப் பாட்டிலும் உடையவில்லை.

கோயில் வைத்தியர் அவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"புண் ஒன்றும் இல்லை. வேலம்பூத் தேன் சாப்பிட்டுப் பாருங்கள். ஹெனுத்திடம் கேளுங்கள், கொடுப்பாள்."

*

வயல்கள் முடிந்து பாலைவனம் தொடங்கும் இடத்தில் கோயிலின் தேன்கூடுகள் இருந்தன. மண்ணால் செய்த நீளக் குழாய்கள் அவை. விறகு அடுக்கினாற்போல் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி ஒரு சுவர் மாதிரி நின்றன. முன்பக்கம் விரல் நுழையும் அளவு துளை, தேனீக்கள் போய்வர. பின்பக்கம் களிமண் மூடி. மனிதர்கள் தேன் எடுக்க.

அவற்றைப் பார்த்துக்கொண்டவள் ஹெனுத். ரூயுவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சிறியவள். அளந்துதான் பேசுவாள் என்று ஊரில் சொல்வார்கள்.

ரூயு போனபோது அவள் ஒரு கூட்டின் பின்னால் மண்டியிட்டிருந்தாள். மூடியருகே வாயை வைத்து மெல்ல, ஒரே சுருதியில், "ம்ம்ம்" என்றாள். பிறகு காதை வைத்தாள். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். மூடியைத் திறக்காமலே எழுந்துவிட்டாள்.

"அவற்றிடம் என்ன சொன்னீர்கள், அம்மா?" என்றான் ரூயு.

"ஒன்றும் சொல்லவில்லை. கேட்டேன்."

"என்ன கேட்டீர்கள்?"

"எடுக்கலாமா என்று."

"பதில் வந்ததா?"

"வந்தது. வேண்டாமாம்."

அடுத்த கூட்டுக்குப் போனாள். முனகினாள். காதை வைத்தாள். இந்த முறை வறட்டிப் புகை காட்டி மூடியைத் திறந்து, பின்பக்கத்துத் தேனடைகளில் இரண்டை மட்டும் அறுத்தெடுத்து மூடிவிட்டாள்.

ரூயு தன் தொண்டையின் கதையைச் சொன்னான். அவள் கைகளைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"பாடுங்கள்" என்றாள்.

அவன் பாடினான். கடைசி அடியில் குரல் உடைந்தது.

யார் கேட்டாலும் அந்தப் பாட்டுக்கு அழுவார்கள். ஹெனுத் அழவில்லை.

"யார் பாட்டு இது?"

"என் பாட்டு. நாடு முழுக்கத் தெரியுமே."

"நீங்கள் கட்டியதா?"

"என் மனைவி குழந்தைக்குப் பாடியது. யாழில் ஏற்றியது நான்."

ஹெனுத் உள்ளே போனாள். ஒரு குடுவை வேலம்பூத் தேனைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"கொண்டுபோங்கள். ஆனால் தேன் தொண்டைக்குத்தான் மருந்து."

அவனுக்குக் கோபம் வந்தது. "இறந்தது என் மகளும்தான்!"

"இல்லை என்று நான் சொல்லவில்லையே" என்றாள் ஹெனுத்.

*

குடுவை காலியானது. குரல் சரியாகவில்லை.

ரூயு திரும்பவும் பாலைவன ஓரத்துக்கு வந்தான். வழியெல்லாம் யோசித்து ஒரு வாதத்தைத் தயாரித்து வைத்திருந்தான்.

"அம்மா, ஒன்று கேட்கிறேன். சூரியதேவன் ஒருநாள் அழுதான். அந்தக் கண்ணீர் மண்ணில் விழுந்து தேனீயானது. கோயிலில் அப்படித்தானே பாடுகிறோம்?"

"ஆமாம்."

"அப்படியென்றால் இந்தத் தேனே கண்ணீரிலிருந்து வந்ததுதான். தேவிக்குப் படைக்கிறோம். பண்டம் செய்து தின்கிறோம். புண்ணில் தடவுகிறோம். யாரும் தவறு என்று சொல்வதில்லை. கண்ணீரை நான் பாட்டாக்கினால் மட்டும் தவறா?"

ஹெனுத் குழாயில் விழுந்த ஒரு வெடிப்பைக் களிமண் வைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"சூரியதேவன் தன் கண்ணீரை அழுதான்" என்றாள்.

"நானும் அழுதேன்."

"அதை ஏன் பாடவில்லை?"

ரூயு இவ்வளவு தூரம் கொண்டுவந்த வாதத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லாமல் போயிற்று.

வாதத்தை வேறு பக்கம் திருப்பினான். "நான் திருடவில்லை. விழாவுக்கு முந்தின நாள் அவளிடம் கேட்டேன். பாடட்டுமா என்று கேட்டேன்."

"என்ன சொன்னாள்?"

"சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை."

ஹெனுத் களிமண்ணை வழித்தெடுத்து அடுத்த வெடிப்பில் அப்பினாள்.

"என்னைச் சீடனாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றான் ரூயு. அதைச் சொல்லப்போகிறோம் என்று அவனுக்கே தெரியாது. "அந்த முனகலை எனக்குச் சொல்லிக்கொடுங்கள்."

"தேனீக்களுக்குச் சீடர்கள் தேவையில்லை."

"உங்களுக்கு?"

"எனக்கு வறட்டி சுமக்க ஆள் வேண்டும்."

*

காலையில் தேவிக்குப் பாடி முடித்ததும் ரூயு பாலைவன ஓரத்துக்கு வந்துவிடுவான். நாட்டின் பெரிய பாடகன் தலையில் வறட்டிக் கூடையோடு நடப்பதை வயல்காரர்கள் நின்று பார்த்தார்கள்.

முனகல் அவனுக்கு முதல் நாளே வந்துவிட்டது. ஹெனுத்தைவிட நன்றாகவே வந்தது. ஆழமாக, நடுக்கமில்லாமல், நீளமாக முனகினான்.

"சுருதி சரிதானே?" என்று கேட்டான்.

"மிகவும் சரி" என்றாள் ஹெனுத். "அவை உள்ளே என்ன செய்தன?"

அதை அவன் கவனிக்கவில்லை.

நாள் போகப் போகக் கவனித்தான். ஒரு கூடு ஆற்று நீர் கல்லில் உரசுவது மாதிரி இரையும். ஒரு கூடு சீறும். இன்னொன்றில், மிக அபூர்வமாக, ஊதுகுழலின் ஓசை மாதிரி மெல்லிய கூவல் கேட்கும். "அது ராணி. இன்றைக்குக் கிட்டே போகக்கூடாது" என்பாள் ஹெனுத். அவன் தலையாட்டுவான். முகத்திலும் கையிலும் கொட்டு வாங்கினான். கொட்டின இடத்தில் அவள் தேனையே தடவிவிட்டாள்.

ஒருநாள் ஹெனுத் ஆற்றங்கரைக்குக் களிமண் எடுக்கப் போயிருந்தாள். தேவியின் பண்டத்துக்கு இன்னும் இரண்டு குடுவை தேவை என்று கோயிலிலிருந்து ஆள் வந்து நின்றான். அவள் திரும்பும்வரை காத்திருக்க ரூயுவுக்கு மனமில்லை. அவள் வரும்போது குடுவைகள் நிறைந்திருக்கட்டும், பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று நினைத்தான்.

ஓரத்தில் இருந்த கூட்டின் பின்னால் மண்டியிட்டான். முனகினான். காதை வைத்தான். ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு முறை முனகினான். அப்போதும் இல்லை.

புகை காட்டினான். மூடியைத் திறந்தான். பின்பக்கத்து அடைகள் இரண்டும் கனமாக, மஞ்சளாக, தேன் சொட்டச் சொட்ட வந்தன. ஆனால் குடுவைகள் பாதிதான் நிறைந்தன. கையை இன்னும் உள்ளே விட்டான். அதற்கு அப்பால் இருந்ததையும் அறுத்தான். முன்வாசல் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும்வரை அறுத்தான். கடைசியாக வந்த அடைகளில் தேன் இல்லை. வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் சுருண்டு கிடந்தன.

அவை தேனீக்களின் குஞ்சுகள் என்று அவனுக்குத் தெரியும். கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான்.

ஹெனுத் திரும்பி வந்தாள். நிறைந்த குடுவைகளைப் பார்த்தாள். திறந்து கிடந்த குழாயைப் பார்த்தாள்.

"கேட்டீர்களா?"

"கேட்டேன்."

"என்ன சொல்லிற்று?"

"ஒன்றும் சொல்லவி..."

சொல் பாதியில் நின்றுவிட்டது. தன் குரல் தன் காதிலேயே விழுந்தது அவனுக்கு. முன்பு ஒருநாள் இதே இடத்தில், இதே சொற்களை, இதே சுருதியில் சொன்னவனும் அவன்தான்.

ஹெனுத் திட்டவில்லை. ஓர் அகலமான தட்டை எடுத்துவந்தாள். அவன் நிரப்பி வைத்திருந்த குடுவையிலிருந்து தேனை அதில் ஊற்றினாள். தேனீக்கள் மூழ்கிவிடாமல் நின்று குடிக்க, மேலே வைக்கோலைத் தூவினாள். தட்டைக் கூட்டின் முன்வாசலில் வைத்தாள்.

"கோயிலுக்கு?" என்றான் ரூயு.

"கோயிலுக்கு வேறு கூட்டிலிருந்து கொடுத்துவிடலாம். இது இவற்றுடையது."

காலியான குழாயின் மேற்கூரையில் தேனீக்கள் ஒரு கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டு இறங்கிவந்து குடித்தன. மறுநாளும் ரூயு தட்டை நிரப்பினான். அதற்கு மறுநாளும் நிரப்பினான். நான்காம் நாள் காலை அந்தக் கொத்து குழாயைவிட்டுக் கிளம்பி, ஒரு சிறு மேகம் மாதிரி வேலமரங்களுக்கு மேலே போய், பாலைவனத்துப் பக்கம் மறைந்தது.

அன்றைக்கும் ஹெனுத் தட்டை அவனிடம் நீட்டினாள்.

"அவை போய்விட்டனவே, அம்மா."

"தெரியும்."

அவன் தட்டை நிரப்பினான்.

*

மறுபடியும் படகுத் திருவிழா வந்தது.

நடுப்பகலில் தேவியின் படகு கரையை அடைந்தது. கிலுகிலுப்பைகள் ஓய்ந்தன. நகரத் தலைவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "ரூயு, வாத்துப் பாட்டு" என்றார்.

கரை அமைதியானது. பெண்கள் அழுவதற்குத் தயாராக மேலாடை முனையை எடுத்துக்கொண்டார்கள்.

ரூயு எழுந்து நின்றான். கழுத்திலிருந்த பொன்மாலையைக் கழற்றி அவர் காலடியில் வைத்தான்.

"ஐயா, அந்தப் பாட்டு என்னுடையதில்லை."

"உன் பாட்டு என்று ஊருக்கே தெரியுமே!"

"அது என் தவறு, ஐயா."

"பின்னே யாருடையது?"

"இந்தக் கூட்டத்தில் அதைச் சொன்னால் மறுபடியும் எடுத்ததாகிவிடும்."

நகரத் தலைவர் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. பிறகு அவர் சிரிப்பை நிறுத்தினார். "சரி, உன்னுடையது எதுவோ அதைப் பாடு."

ரூயு யாழை எடுத்தான். இரண்டு நரம்புகளை மட்டும் மீட்டினான்.

"கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே போகப் பயந்தேன். ஐந்து நாள் நின்றேன்..."

அதற்கு மேல் வரவில்லை. மறுபடி அதையே பாடினான். இழுக்கவில்லை, அலங்கரிக்கவில்லை. குரல் கரகரத்தது. யாரும் அழவில்லை. பின்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான்.

நகரத் தலைவர் கையை அசைத்தார். இரண்டாம் பாடகன் முன்னே வந்து யாழை வாங்கிக்கொண்டான். அவனுக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம். ஆற்றுக்குப் போன சின்ன வாத்தே என்று தொடங்கி, கடைசி அடியை ரூயு இழுத்தது மாதிரியே இழுத்தான். கரை முழுவதும் அழுதது. பொன்மாலை அவன் கழுத்துக்குப் போனது.

ரூயு பாடகர்களின் மூன்றாம் வரிசையில் நின்று மற்றவர்களோடு தாளத்துக்குக் கைதட்டினான். அன்றிலிருந்து அதுதான் அவன் இடம்.

வீட்டுக்கு வந்தான். மேரெத் அடுப்பருகே இருந்தாள்.

"இனி நான் அதைப் பாடமாட்டேன். அது உன்னுடையது. உன்னிடம் கேட்டபோது நீ சம்மதிக்கவில்லை. நான் சம்மதம் என்று வைத்துக்கொண்டேன்."

மேரெத் அவன் கழுத்தைப் பார்த்தாள். மாலை இல்லை. அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

"திருப்பிக் கொடுத்துவிட்டேன், அம்மா" என்றான் ரூயு மறுநாள்.

ஹெனுத் தலையாட்டினாள்.

"ஆனால் எப்படித் திருப்பிக் கொடுத்ததாகும்? ஊரெல்லாம் பாடுகிறது. படகுக்காரன் பாடுகிறான். இரண்டாம் பாடகன் பாடுகிறான். எல்லார் வாயிலும் போய்விட்டதை எப்படிப் பிடுங்குவேன்?"

"உங்கள் வாயில் இருந்ததைக் கொடுத்தீர்கள் அல்லவா?"

"கொடுத்தேன். இருந்தும் அவள் பேசவில்லை."

"பேசுவதற்காகவா கொடுத்தீர்கள்?"

எதிரே காலிக் கூட்டின் வாசலில் தேன்தட்டு இருந்தது. பக்கத்துக் கூட்டின் தேனீ ஒன்று வைக்கோலில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தது.

"ஆமாம்" என்றான் கடைசியில். "அதற்காகத்தான் கொடுத்தேன்."

"அப்படியென்றால் இன்னும் கொடுக்கவில்லை" என்றாள் ஹெனுத்.

அவன் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. வறட்டி சுமந்தான். வெடிப்புகளைப் பூசினான். வெள்ளம் வந்து வடிந்தது. வயலில் விதைத்தார்கள். அவரைச் செடி பூத்தது. தேனீக்கள் நாள் முழுக்க அந்தப் பக்கமே போய்வந்தன. தேவிக்கு முன்னால் மூன்றாம் வரிசையில் நின்று கைதட்டுவது அவனுக்குப் பழகிப்போனது. மேரெத் ரொட்டியை வைத்தால் "நன்றாக இருக்கிறது" என்பான். அவள் பதில் சொல்வாளா என்று முகத்தைப் பார்ப்பதை எப்போது நிறுத்தினான் என்று அவனுக்கே நினைவில்லை.

ஒருநாள் காலை அவன் பாதி தூரம் போனபிறகு வறட்டிக் கூடையை மறந்துவிட்டது நினைவுக்கு வந்தது. வீட்டுக்குத் திரும்பினான். வாசலுக்கு வரும் முன்பே கோதுமை அரைக்கும் கல்லின் ஓசை கேட்டது. அந்த ஓசையோடு இன்னொன்றும் கேட்டது.

ரூயு நடையை நிறுத்தினான். அப்படியே திரும்பினான். பாலைவன ஓரம்வரை ஓடினான்.

"அம்மா! மேரெத் பாடுகிறாள்!"

ஹெனுத் கூட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "என்ன பாடினாள்?"

"தெரியாது."

"தெரியாதா? ஒரு தடவை கேட்டால் பிடித்துக்கொள்வீர்களே!"

"அதனால்தான் வந்துவிட்டேன்." அவனுக்கு மூச்சிரைத்தது. முகத்தில் ஒரு பெருமை இருந்தது. "ஒரு சொல்கூடக் காதில் விழுமுன் திரும்பிவிட்டேன். எடுக்கவே இல்லை, அம்மா. இன்றைக்கு நான் ஒன்றுமே எடுக்கவில்லை."

ஹெனுத் எழுந்து நின்றாள்.

"இன்றைக்கும் வெளியே நின்றுவிட்டு வந்துவிட்டீர்கள்."

ரூயுவின் முகத்திலிருந்த பெருமை மெல்ல வடிந்தது.

"எடுக்கக்கூடாது என்பதுதானே..."

"எடுக்கவேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்" என்றாள் ஹெனுத். "கேட்கவேண்டாம் என்று எப்போது சொன்னேன்?"

*

அவன் வீட்டுக்குத் திரும்பி வந்தபோதும் கல் ஓடிக்கொண்டிருந்தது. அவளும் பாடிக்கொண்டிருந்தாள்.

ரூயு உள்ளே போனான். மேரெத் பாட்டை நிறுத்தினாள். கல்லின் மேல் அவள் கை அப்படியே நின்றது.

எதிரே தரையில் உட்கார்ந்தான். கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

மேரெத் அவனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள், அவன் கைகளைப் பார்த்தாள். பழக்கத்தில் அவன் விரல்கள் யாழ் நரம்பைத் தேடுகின்றனவா என்று பார்ப்பது போலிருந்தது. விரல்கள் அசையவில்லை.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். மாவு தெறிக்கும்" என்றாள்.

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவனிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவன் தள்ளி உட்கார்ந்தான்.

கல் மறுபடி ஓடத் தொடங்கியது. அவள் பாடினாள். அது தாலாட்டு இல்லை. அவன் அதுவரை கேட்டிராத பாட்டு. நடுவில் ஓரிடத்தில் நுபியின் பெயர் வந்தது. அந்த இடத்தில் அவளுக்குக் குரல் நின்றது. அவள் அதைச் சரிசெய்யவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து பாடினாள். அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

கோதுமை முழுவதும் அரைபடும்வரை பாட்டு நீண்டது.

மறுநாள் காலை ரூயு வறட்டிக் கூடையோடு பாலைவன ஓரத்துக்குப் போனான். வழியில் மீன்காரர்கள் யாரோ எதையோ பாடிக்கொண்டு வலை இழுத்தார்கள். அவன் உதடு அசையவில்லை.

ஹெனுத் நெருப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அவன் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். புகை எழுந்தது. கூடுகளுக்குள்ளிருந்து இரைச்சல் மெல்லக் கிளம்பியது.

"கேட்டீர்களா?" என்றாள்.

"கேட்டேன், அம்மா."

"என்ன பாட்டு?"

ரூயு பதில் சொல்லவில்லை.

ஹெனுத் இரண்டாம் முறை கேட்கவில்லை.